தோற்றாலும் உள்ளே

ஆஸ்திரேலிய ஓப்பன் ஆண்கள் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள். 104 பேர் தர வரிசையைக் காட்டி நேரே உள்ளே போய்விடுவார்கள். எட்டுப் பேருக்குச் சிறப்பு அழைப்பு. மிச்சமிருக்கும் 16 இடத்துக்கு இன்னொரு 128 பேர் முந்தின வாரமே வந்து முட்டி மோத வேண்டும். தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் கதவு திறக்கும்.

கிள்ளானில் எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கும் இதே விதிதான். குடும்பத் தலைவர் என்ற பட்டம் இருந்தும் எனக்கு நேரடி நுழைவு கிடையாது. முதல் சுற்றில் மகன். கையில் போன் இருப்பதால் விட்டுக்கொடுத்துவிடுவான். இரண்டாம் சுற்றில் மாமியார். சீரியலில் விளம்பரம் வரும்போது கண்ணயர்வார். அந்த நேரம் பார்த்து விரலிடுக்கிலிருந்து ரிமோட்டை உருவ வேண்டும். "பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், மாப்பிள்ளை" என்று மூடிய கண்ணோடு குரல் வந்தால், ஆட்டம் டை பிரேக்குக்குப் போகும். மூன்றாம் சுற்றில் மனைவி. அதை நான் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. 2009 முதல் 2015 வரை புக்கிட் ஜாலில் புத்ரா அரங்கில் ஏடிபி போட்டியே நடந்தது. நேரில் போய்ப் பார்க்கவும் வீட்டில் முதலில் தகுதி பெற வேண்டியிருந்தது.

2020 ஜனவரி. பொங்கல் கரும்பு இன்னும் கூடத்து மூலையில் சாய்ந்திருந்தது. ஆஸ்திரேலிய ஓப்பன் தகுதி ஆட்டங்களில் சென்னைப் பிள்ளை பிரஜ்னேஷ் குணேஸ்வரனும் மூன்றாம் சுற்றில்தான் மாட்டினார். எதிரே லாட்வியாவின் எர்னஸ்ட்ஸ் குல்பிஸ். ஒரு காலத்தில் உலகின் பத்தாம் நிலை வீரர். நேர் செட்களில் தோல்வி. ஆனால் டென்னிஸில் ஒரு தர்மம் உண்டு. கடைசிச் சுற்றில் தோற்றவர் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பாமல் அங்கேயே காத்திருந்தால், உள்ளே யாராவது காயமென்று விலகும்போது 'லக்கி லூசர்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பிரஜ்னேஷைக் கூப்பிட்டார்கள்.

நானும் அப்படிக் காத்திருந்தே காலம் தள்ளுகிறவன். தோற்ற பிறகும் சோபாவை விட்டு நகர மாட்டேன். பிரஜ்னேஷின் முதல் சுற்று ஆட்டத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மச்சினி போன் செய்தாள்: துன் சம்பந்தன் சாலையில் சேலைத் தள்ளுபடி. மனைவி கொமுட்டர் பிடிக்க ஓடினாள். ரிமோட் என் மடியில் விழுந்தது.

எதிரி ஜப்பானின் தட்சுமா இட்டோ. தர வரிசையில் பிரஜ்னேஷைவிடக் கீழே. ஜெயித்தால் அடுத்து ஜோகோவிச். டிவியோ வேறு மைதானத்தைக் காட்டியது. நம்மவர் ஸ்கோர் மட்டும் திரையின் அடியில் ஓடியது. அந்த எண்களைப் பார்த்தே, "தம்பி, இடது கையை நல்லா வீசு!" என்று கத்தினேன். மாமியார்தான் விழித்துக்கொண்டார். 4-6, 2-6, 5-7.

மாலையில் சேலைப் பையோடு வந்தவளிடம் சொன்னேன்: "தோத்துட்டார். இருந்தாலும் 90,000 ஆஸ்திரேலிய டாலர். நம்ம காசுக்கு ரெண்டரை லட்சம் வெள்ளி."

பையைக் கீழே வைத்தாள். "தோத்ததுக்கா?"

"ஆமா. முதல் சுற்றுல தோத்தா அதுதான் கூலி."

"அட கடவுளே! நீங்க இத்தனை வருஷமா சும்மாவே தோத்துக்கிட்டு இருக்கீங்களே!"