ஆணி எண்ணும் ஆடிட்டர்

சார் முப்பது வருஷம் வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவர். கிளைக்குள் நுழைந்ததும், மேனேஜரின் வணக்கத்தை வாங்குவதற்கு முன், சுவர்க் காலண்டரில் தேதி கிழித்திருக்கிறதா என்று பார்ப்பாராம். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று, கையில் ஒரு பிளாஸ்டிக் டாங்கியும் ஒரு டியூப் பசையும் கிடைத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

மாடல் கட்டுகிறவர்களில் இந்த ரகத்துக்கு ‘ரிவெட் கவுண்டர்’ என்று பெயர். முதலில் கேட்டபோது ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் மாதிரி ஏதோ என்று நினைத்தேன். டாங்கியின் உடம்பில் அறைந்த ஆணி எத்தனை என்று எண்ணுகிறவராம். வடிவேலுவின் ஆணி காமெடி ஞாபகத்தில் சிரித்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை. “டி-34, பாந்தர் எல்லாம் வெல்டிங் தம்பி. எண்றதுக்கு ஆணியே இருக்காது” என்றார். குரலில் நிஜமான வருத்தம்.

அவர் எடுத்துக்கொண்ட விஷயம் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் மோதிய குர்ஸ்க் போர். அதிலும் ஒரே ஒரு நாள்: 1943 ஜூலை 12. ஒரே ஒரு இடம்: புரோகரோவ்கா. மூன்றடிக்கு இரண்டடிப் பலகையில் தெர்மாகோல் ஒட்டி, மேடு பள்ளம் செதுக்கி, சணல் நாரை நறுக்கிப் புல் நட்டு, குறுக்கே டாங்கித் தடுப்புப் பள்ளமும் வெட்டிவிட்டார். சோவியத் படை தானே வெட்டி வைத்திருந்த பள்ளம் அது. அன்று வேகமாக வந்த சோவியத் டாங்கிகளே அதில் விழுந்தன. எல்லாம் தயாராகி இரண்டு வருஷம் ஆகிறது. டாங்கிதான் ரொம்ப நாள் ஏறவில்லை.

முதலில் வந்தது ஜெர்மானியரின் பாந்தர். பெட்டியிலேயே ‘குர்ஸ்க் 1943’ என்று அச்சடித்திருந்தது. பிரித்துப் பார்த்தால் உடம்பெல்லாம் அம்மி கொத்தினாற்போல வரி வரியாக இருந்தது. அதன் பெயர் ஸிம்மரிட்; காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருக்க ஜெர்மானியர் பூசிய பசை. ஜூலையில் நடந்த சண்டைக்கு ஆகஸ்ட் கடைசிக்கு மேல் பூச ஆரம்பித்த பசை எப்படி வரும்? வவுச்சர் தேதிக்கு முன்னால் பணம் போன மாதிரி பதறிப்போனார். மூன்று ராத்திரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினார். நாலாம் ராத்திரி ஒரு தடித்த புத்தகத்தில் இன்னொன்று தெரிந்தது. குர்ஸ்க்குக்கு வந்த இருநூறு பாந்தர்களும் கிராஸ்டாய்ச்லாண்ட் என்ற ஜெர்மன் டிவிஷனோடு மேற்கே போய்விட்டன. புரோகரோவ்காவில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து ஃபெர்டினாண்ட் வாங்கினார். யானை மாதிரி கனத்த ஜெர்மன் பீரங்கி வண்டி. அது குர்ஸ்க்கில் இருந்தது உண்மைதான், ஆனால் வடக்கே, போனிரி பக்கத்தில். புரோகரோவ்காவிலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல். “சென்னைல தாலி கட்டிட்டு பாண்டிச்சேரில பந்தி போட்ட மாதிரி ஆயிடும் தம்பி” என்று பெட்டியை மூடி பீரோ மேல் வைத்துவிட்டார். பீரோ மேல் இப்போது வீட்டம்மாவின் பட்டுப்புடவைப் பெட்டிக்கு இடம் கிடையாது.

மகன் ஆசையாக ஒரு சோவியத் டி-34 அனுப்பினான். பேரன் பிறந்த செய்தியைவிட இதற்குத்தான் அவர் அதிகம் கலங்கினார் என்பது வீட்டம்மாவின் குற்றச்சாட்டு. வந்தது 85 மில்லிமீட்டர் பீரங்கி வைத்த டி-34. போருக்குள் நுழைந்ததே 1944-இல். மாதக்கணக்கில் தாமதமாக வந்த சாட்சியை எந்த கோர்ட்டு ஏற்கும்? மகனிடம், “ரொம்ப நல்லா இருக்குப்பா” என்றவர், போனை வைத்துவிட்டு என்னிடம், “76 மில்லிமீட்டர்னு மூணு தடவை சொன்னேன்” என்றார்.

நிறத்துக்கு வந்தால் இன்னும் பேஜார். போர்க்களப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இது மஞ்சள், இது அழுக்கு மஞ்சள், இது மஞ்சளின் மேல் பச்சை என்று சொல்லுவார். 1943 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் வண்டிகளுக்கு அடிநிறம் ஒருவகைக் கருமஞ்சள். அவர் கலக்கிய ஒன்பது மாதிரிகளையும் வீட்டம்மா பார்த்துவிட்டு, “ஏழாவது நேத்து வெச்ச மோர்க்குழம்பு” என்றார். சார் ஏழாவதை ஒதுக்கிவிட்டார்.

ஒரு நாள் எனக்கும் ஆடிட் புத்தி வந்தது. “அது என்ன சார், மாடலுக்கு 1/35 அளவு? இருபத்தைந்தோ நாற்பதோ இருக்கக் கூடாதா?” என்றேன். தன் கிளையிலேயே இருப்புக் குறைந்ததைக் கண்டுபிடித்த மாதிரி முகம் சுருங்கிவிட்டது. ரொம்ப நேரம் கழித்து, “பேட்டரிக்காக” என்றார். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டார் வைத்து ஓடும் பாந்தர் பொம்மை செய்தது. உள்ளே இரண்டு பேட்டரி அடங்க வேண்டும். அடங்கும் அளவுக்குச் செய்து முடித்தபின் கணக்குப் போட்டால் சுமார் முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. மில்லிமீட்டர் பிசகினால் தூங்காதவர்களின் சாம்ராஜ்யம் இரண்டு பேட்டரியின் மேல் நிற்கிறது. அதன் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

புரோகரோவ்காவில் அன்று சோவியத் பக்கம் டி-34-க்கு அடுத்தபடியாக நிறைய வந்தது, இரண்டே பேர் உட்காரும் டி-70 என்ற குட்டி டாங்கி. அதை வைத்தால் சரித்திரம் சரி. ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு மெஷின் கன் செருகிய அரிசிப்பானை மாதிரி இருக்கும். பிரிட்டன் அனுப்பிய சர்ச்சில் டாங்கிகளும் செம்படையோடு அங்கே இருந்தன. அதை வைத்தால் வருகிற ஒவ்வொருவரும், “இங்கிலாந்துக்காரன் ரஷ்யாவுல என்ன பண்றான்?” என்பார்கள். சாருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். கேட்கும் ஆள்தான் கிடைப்பதில்லை.

கடைசியில் போன மாதம் ஒரு டாங்கி ஏறியது. டி-34, 76 மில்லிமீட்டர், ஆனால் பக்கவாட்டில் பெரிய ஜெர்மன் சிலுவை. டாஸ் ரைக் என்ற எஸ்.எஸ். டிவிஷன் கார்கோவ் நகரில் கைப்பற்றிய டி-34களைப் பழுது பார்த்து, தன் ஆட்களே சுட்டுவிடாமல் இருக்கச் சிலுவை வரைந்து, குர்ஸ்க்கில் ஓட்டியது. தேதி சரி, இடம் சரி, ஆதாரம் உண்டு. அவருடைய ஆடிட்டில் தேறிய ஒரே வண்டி.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார். போனால் காபி நிச்சயம். “என்ன சார், ரஷ்ய டாங்கில ஜெர்மன் சின்னத்தை மாத்தி ஒட்டிட்டீங்களே” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். பதினொரு மணிக்குப் போனவன், அன்று மத்தியானச் சாப்பாடு சாப்பிடும்போது மணி நாலரை.