ஊருக்கே 72,000

என் மகளுக்கு வடக்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பெயர் வேண்டாம், உதவித்தொகை இன்னும் முடிவாகவில்லை. கட்டணத்தைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர்களுக்காகவே, குடும்ப நிலைக்கேற்ப உதவி உண்டு என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் வருமானச் சான்றிதழ். ஒட்டன்சத்திரத்தில் இ-சேவை மையத்துத் தம்பி, 60 ரூபாயை வாங்கிக்கொண்டு நிமிராமலே கேட்டார்: "எவ்வளவுண்ணே, 72 போட்டுரவா?"

முன்பு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000. வரம்பு 1,20,000 ஆகி வருஷங்களாகிவிட்டன, நம்மவர்கள்தான் நகரவில்லை. காந்தி மார்க்கெட்டில் கேரளாவுக்கு லாரி லாரியாக லோடு அனுப்பும் கமிஷன் கடைக்காரருக்கு 72,000. அவரிடம் மூட்டை தூக்கும் லோடுமேனுக்கும் 72,000. லோடுமேன் மட்டும், "எனக்கு அதுக்கு மேல வருதே சார்" என்று சங்கடப்பட்டாராம். முருங்கைக்காய் விலை எகிறிய வருஷமும் 72,000, தக்காளியை ரோட்டோரம் கொட்டிய வருஷமும் 72,000. மாசம் 6,000 ரூபாயில் புல்லட்டுக்குத் தவணை, பழனி பாதயாத்திரைக்காரர்களுக்கு அன்னதானம், காதுகுத்துக்கு ஏசி மண்டபம், அதற்கு டிஜிட்டல் பேனர் எல்லாம் போக மீதியில் பைபாஸ் ஓரம் ஒரு சைட்டும் வாங்கிப் போடுகிறார்கள். நிதியமைச்சராக இவர்களில் ஒருத்தரைப் போட்டால் நாட்டுக்குக் கடனே இருக்காது. இதே மனிதர் பெண் பார்க்கப் போனால், "மாசம் ரெண்டு லட்சம் புரளும்" என்பார். தாம்பூலத் தட்டைக் கண்டால் ஏறுகிற வருமானம், தாசில்தார் ஆபீஸைக் கண்டால் இறங்கிவிடுகிறது.

நான் சம்பளக்காரன். ஃபார்ம் 16 இருக்கிறது. என் வருமானம் அரசாங்கத்துக்குப் பைசா சுத்தமாகத் தெரியும், வீட்டில்தான் அரைகுறை. வருமானம் வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஐஐடியைப் பாருங்கள். 2016-ல் பி.டெக். கட்டணம் வருஷத்துக்கு 90,000-லிருந்து 2 லட்சமானது. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை, நியாயம். மற்றவர்களில் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் முழு விலக்கு, 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. 5 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினால்? சுளையாக 2 லட்சம். இன்கிரிமென்ட் ஆயிரம் ரூபாய் வந்ததற்கு அபராதம் 1,33,000 சொச்சம்! கமிஷன் கடைக்காரருக்கு இந்தக் கவலையில்லை, அவர் எப்போதும் 72-தான். வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்?

வடக்கே உள்ளவர்கள் விவரமானவர்கள், சான்றிதழை நம்புவதில்லை. பேங்க் ஸ்டேட்மென்ட், நிலப் பத்திரம், கஷ்டத்தை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை, கூடவே வீட்டைப் படமெடுத்தும் அனுப்பவேண்டும். சுவரில் ஓதம் ஏறிய மூலை ஒன்று தோதாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு வருவதற்குள் வீட்டுக்காரி அங்கே தஞ்சாவூர்த் தட்டை மாட்டிவிட்டாள். கட்டிலில் பீரோவிலிருந்து எடுத்த புது விரிப்பு, டிவி மேல் பிளாஸ்டிக் ரோஜா.

"ஏழைன்னு காட்டத்தான் படமே கேக்குறாங்க."

"அதுக்காக? வடநாட்டுக்காரன் நம்மளப் பத்தி என்ன நெனைப்பான்?"

எதிர்வீட்டு சோபாவை அரைமணி நேரத்துக்குக் கேட்டு வாங்க இப்போதுதான் கிளம்பியிருக்கிறாள்.