விரிசலுக்கு எதற்கு சுத்தியல்?

கேள்வி: புவியியல் புத்தகங்களில் பாறை விரிசல் படத்தில் எல்லாம் ஒரு சுத்தியலோ நாணயமோ கிடக்கிறதே, எடுக்க மறந்துவிட்டார்களா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: மறதியில்லை, முன்ஜாக்கிரதை! அது இல்லாவிட்டால் படத்தில் இருப்பது கையகலக் கல்லா, மலைச்சரிவா என்று பேராசிரியரே விழிப்பார். சின்னதும் பெரிதும் அப்படி ஒரே ஜாடை. கணித அறிஞர் மாண்டெல்பிராட் குழுவினர் 1984-இல் உடைந்த உலோகப் பரப்பிலும் இந்தக் குணத்தை அளந்து காட்டினார்கள். ஆனால் அச்சு அசல் என்று ஏமாந்துவிடாதீர்கள். உடைந்த பரப்பில் நீளம் பத்து மடங்கானால் மேடுபள்ளம் ஏறக்குறைய ஆறு மடங்குதான் கூடுகிறது. பெரிதாகப் பெரிதாகப் பாறையும் கொஞ்சம் வழவழப்பாகிவிடுகிறது, அரசியல்வாதிகளைப் போல! விரிசலின் வாய் இன்னும் கஞ்சம்: பல இடங்களில் நீளம் நூறு மடங்கானால் அகலம் பத்து மடங்குதான். சுரங்கம் தோண்டுகிறவர்கள் கையகலக் கல்லை அளந்து அப்படியே பெருக்கினால் கணக்கு தப்பும்.