தட்சிணையில்லா வித்தை

மயிலாப்பூர்க்காரர்கள் ஆங்கிலத்தை ஆங்கிலத்துக்காகவே தேடிக்கொண்டு போனவர்கள் அல்லர். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள அவர்களுக்கு எப்போதும் வேறு ஏதேனும் ஒரு வியாஜம் வேண்டியிருந்தது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். (பள்ளிக்கூடச் சம்பளத்தை யாரும் ஆட்சேபணையாகக் கிளப்ப வேண்டாம், அது பிரம்புக்காகக் கொடுத்தது.) காந்தியடிகளின் சுயசரித மொழிபெயர்ப்பை, தம் பெயரை வெளியிடலாகாது என்ற நிபந்தனையோடு திருத்திக் கொடுத்தவர் என்று அறியப்படும் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், 1944-இல், தள்ளாத வயதிலும், ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்திலேயே 30 பிரசங்கங்கள் நிகழ்த்தினார். ராமகுணங்களைக் கேட்கும் புண்ணியத்தை முன்னிட்டுப் போனவர்களில் எத்தனை பேர், அவருடைய வாக்கியம் ஒன்று எங்கே புறப்பட்டு எந்தெந்தத் துறைகளில் நீராடி எங்கே கரையேறுகிறது என்று பார்க்கவே போனார்கள் என்பதை அந்த ராமனே அறிவான். அவ்வாறே, கிரீன்வேஸ் சாலை வசந்த விகாரத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி 1986 ஜனவரியில் கடைசியாகப் பேசும்வரை, மாலை வேளைகளில் மரத்தடியில் அமர்ந்து கேட்ட அடையாற்றுவாசிகளில் பலருக்கு மனம் அடங்கிற்றோ இல்லையோ, உச்சரிப்பு திருந்திற்று.

இந்தச் சம்பிரதாயத்தை முதன்முதலில் மீறியவர் எங்கள் அடுக்ககத்து மூன்றாம் மாடி மாமிதான். நியூ ஜெர்சியிலுள்ள பேரனோடு தொலைபேசியில் பேச வேண்டும், பேரனுக்குத் தமிழ் வராது என்ற நியாயமான காரணத்தால், அவர் பட்டவர்த்தனமாக ஆங்கிலத்தையே கற்கப் புறப்பட்டார். ஏ.ஜி. ஆபீஸில் ஓய்வு பெற்றவரும், இந்து பத்திரிகையின் தலையங்கத்தைக் கையில் பென்சிலோடு படிப்பவருமான மாமா, தி. நகர் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸின் கட்டணத்தை விசாரித்து அறிந்து அதை அதர்மம் என்று தீர்ப்பளித்துவிட்டு, தாமே கற்பிப்பதாக முன்வந்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து உங்ககிட்ட பாடம் கேட்டது போறும்" என்று மாமி கைப்பேசியை எடுத்துக்கொண்டார்.

அதற்குள்ளே உலகத்து வித்யாதானம் முழுவதும் குவிந்து கிடந்தது. 1943-இல் வானொலியில் ஆங்கிலம் போதிக்கத் தொடங்கிய பி.பி.சி. இருந்தது, பிரிட்டிஷ் கவுன்சில் இருந்தது. ஒரு செயலியோ, விடை சரியானால் எக்காளம் ஊதிப் புகழ்ந்தது. புகழ்ச்சி என்பதைப் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கேட்டறியாத மாமிக்கு இது சந்தேகத்தை விளைவித்தது. "காலணா வாங்காம இத்தனை புகழறவன் கடைசியில எதையோ விக்கத்தான் வரான்" என்று அதை ஒதுக்கிவிட்டார்.

மாமி மனம் ஒன்றியது வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவிடந்தான். அந்நிய நாட்டவர்க்கென்று 1959 அக்டோபரில் அந்த நிலையம் தொடங்கிய எளிய ஆங்கில ஒலிபரப்பின் இலக்கணம் மூன்றே விதிகளில் அடங்கும்: ஏறக்குறைய 1,500 சொற்களுக்கு மேல் போகலாகாது, ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்துக்கு மேல் கூடாது, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் பேச வேண்டும். விளம்பகாலத்தில் கீர்த்தனை கேட்டுப் பழகிய காதுக்கு இதைவிட இசைவானது வேறென்ன இருக்க முடியும்? சாஸ்திரியார் கேட்டிருந்தால் இரண்டாவது விதியிலேயே எழுந்து போயிருப்பார். மாமியோ அங்கேயே ஆசனமிட்டு அமர்ந்துவிட்டார். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கமே அந்நிலையத்தை ஏறக்குறைய வாயடைத்துவிட்டபோது, "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது சரி, கொடுத்தவனே திரும்ப ஓட்டிக்கொண்டு போனால்?" என்று மாமா குதூகலித்தார். மாமி அசையவில்லை; பழைய பாடங்களையே கேட்டு, அந்த நடையையும் நிறுத்தங்களையும் அட்சரம் பிசகாமல் சுவீகரித்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனோடு பேசினார். வானிலையைப் பற்றி, பள்ளியைப் பற்றி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு, திவ்வியமாகப் பேசினார். சற்று நேரத்திற்கெல்லாம் மகன் தன் தகப்பனாரைத் தனியே அழைத்தான்.

"அப்பா, அம்மாவுக்கு ஏன் பேச்சு இப்படி இழுக்கறது? குழந்தை பயந்துட்டான். உடனே ஒரு நியூராலஜிஸ்ட்கிட்ட அழைச்சுண்டு போங்கோ."

"அவளுக்கு ஒண்ணுமில்லைடா," என்றார் மாமா. "அது உங்க ஊர் சர்க்கார் சொல்லிக்குடுத்த இங்கிலீஷ். மொதல்ல நீ அதைக் கத்துக்கோ."