சுரங்கத்தில் ஒரு குடும்பத் தலைவர்

காலை ஒன்பதரைக்கு நம்மவர் வி.பி.என்.னைப் போட்டுவிட்டால் திருவல்லிக்கேணியில் அந்த ஒரு ஃபிளாட்டுக்கு மட்டும் 144 தடை உத்தரவு. மகன் கேம் ஆடக்கூடாது. பாட்டி யூடியூபில் உபன்யாசம் கேட்கக்கூடாது. "ஆபீஸ் கனெக்‌ஷன்மா, கட்டாயிடும்" என்று அம்மாவிடம் அவர் கெஞ்சுவதைக் கேட்டால் ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர் என்று நினைப்பீர்கள்.

2020 மார்ச்சில் "ரெண்டு வாரம்தான்" என்று சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்தவர். மேஜை இன்னும் திரும்பவில்லை. குடும்பம் தரையில் சாப்பிடுகிறது.

மதியம் ஸ்பீடு டெஸ்ட். பிளான் 200 எம்.பி.பி.எஸ்.; முள் 11-ல் மூச்சு வாங்கும். உடனே கஸ்டமர் கேர். "வி.பி.என்.னை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க சார்" என்பான் அந்தப் பையன். "நெட்டைச் சரி பண்ணச் சொன்னா என் வேலையையே நிறுத்தச் சொல்றியேப்பா!"

பையன் சொன்னதுதான் சரி. லேப்டாப்பிலிருந்து கிளம்பும் அத்தனையையும் பூட்டுப் போட்டு, வி.பி.என். என்னும் சுரங்கத்தில் அனுப்பி, டல்லாஸில் உள்ள தன் வாசல் வழியாகத்தான் வெளியே விடுகிறது கம்பெனி. முள் காட்டுவது அந்த வாசலின் நெரிசலை. ஸ்பீடு டெஸ்ட் பக்கமே அவரை டெக்சாஸ்காரராக நினைத்து, வேட்டியில் இருப்பவருக்கு பிக்-அப் டிரக் விளம்பரம் காட்டுகிறது. பாட்டியின் போனுக்கு இந்தச் சுரங்கத்தோடு சம்பந்தமே இல்லை. உபன்யாசத்துக்கு 5 எம்.பி.பி.எஸ். தாராளம், அது நேரே போய் நேரே வருகிறது.

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால்தான் வேடிக்கை. விக்கெட் விழுந்த ஆரவாரம் ஜன்னல் வழியே வந்துவிடும். யார் அவுட் என்று லேப்டாப்பைத் தட்டுவார். கேள்வி சுமார் 15,000 கிலோமீட்டர் தாண்டி டல்லாஸ் போய்த் திரும்ப வேண்டும். ஒளியே கண்ணாடி இழையில் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான். கேபிளும் நேர்கோட்டில் போவதில்லை. ஒரு நடைக்குக் கால் நொடி என்றால், ஒரு பக்கம் திறக்க எத்தனையோ நடை. வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளறையிலிருந்து பாட்டி: "எல்.பி.டபிள்யூ.டா!"

"பார்த்தியா, நெட்டை யார் இழுக்கறாங்கன்னு இப்ப தெரியுதா?" என்பார் மனைவியிடம்.

ஆபீஸ் வேலை மட்டும் சுரங்கத்தில் போய், மற்றதெல்லாம் நேரே போகும்படி 'ஸ்ப்ளிட் டனல்' வைக்கலாம் என்றான் மகன். ஐ.டி. டீமைக் கேட்டார். செக்யூரிட்டி பாலிசி இடம் கொடுக்காதாம். அவர்கள் கவலை அவர்களுக்கு.

ஆனால் வி.பி.என். அவருக்கு வெறும் தொல்லை மட்டுமல்ல. "எப்போ முடியும்?" என்று மேனேஜர் கேட்டதும், அதுவரை கணீரென்றிருந்த குரல் "வி... பி... என்... இஷ்யூ..." என்று துண்டு துண்டாக உதிரும். அபாரமான நடிப்பு. மேனேஜரும் லேசுப்பட்டவர் அல்ல. இன்கிரிமென்ட் என்று நம்மவர் வாயெடுத்தால் போதும், அந்த முனையில் சுரங்கமே இடிந்து விழுந்துவிடுகிறது.