மண்ணெண்ணெயில் ஓடிய பிக்கப்

உரும்பிராயில் எங்கள் வளவுக்குள் நிற்கும் ஒஸ்ரின் ஏ40 பிக்கப், நான் பிறக்க முன்னரே அப்பா வாங்கியது. அவர் வாங்கும்போதே அது பழைய வாகனம். பேர்மிங்ஹாமை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1947இல் வெளிவந்த ஏ40 காரின் பிக்கப் வடிவம். 1200 சீசீ எஞ்சின், நாலு கியர், அடியில் தனி இரும்புச் சட்டம். இரண்டாம் உலகப் போரில் கடனாளியான பிரித்தானியா, ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைகளுக்கே உருக்கை முன்னுரிமையோடு கொடுத்த காலம் அது. அங்கே பெற்றோல் பங்கீடு 1950 மே மாதம் வரை நீடித்தது. பங்கீட்டுக் காலத்தில் உருவான இந்த வண்டிக்கு, யாழ்ப்பாணத்தில் அதைவிடக் கடுமையான காலம் காத்திருந்தது.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியது. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி அடைபட்டது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம், சீமெந்து என்று அரசு தடைசெய்த பொருட்களின் பட்டியல் நீண்டது. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்டது. வசதியானவர்களின் ஜப்பான் வாகனங்கள் கொட்டிலுக்குள் ஒதுங்கின. நாற்பது வயதைத் தொட்ட ஏ40களும் மொறிஸ் மைனர்களும் வீதிக்கு வந்தன. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

அதற்குக் காரணம் அவற்றின் பழைமைதான். புதிய எஞ்சின்கள் எரிகலவையை அதிகமாக அமுக்கும். அந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரம் தப்பி வெடித்து எஞ்சினை உடைக்கும். ஏ40 எஞ்சின் ஏழு மடங்குக்குச் சற்று மேலேதான் அமுக்கும். மட்டமான எரிபொருளையும் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் கொஞ்சம் காபுரேற்றருக்குள் விட்டு, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றி ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடாகிய பிறகே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார் அப்பா. 1940களின் இறுதியில் வந்த சில பெர்குசன் உழவு இயந்திரங்களும் இதே முறையில் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெய்க்கு மாறுபவைதான். அங்கே அது தொழிற்சாலை வகுத்த வழி. இங்கே அது எங்கள் கராஜ்காரர் கண்டுகொண்ட வழி.

அதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். வால்வுகளில் கரி படியும். அடிக்கடி எஞ்சின் தலையைக் கழற்றிச் சுரண்ட வேண்டும். கழற்றினால் கஸ்கற் வேண்டும். கடையில் அது இல்லை. செம்புத் தகட்டை விரித்து வெட்ட ஒருவர் இருந்தார். மட்டையை விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே சின்னக் கஸ்கற்றுகளை வெட்டியெடுக்க எங்கள் ஒழுங்கைப் பெடியன்களுக்கே தெரிந்திருந்தது. தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து தர, மண்ணெண்ணெய் எஞ்சினால் லேத்தை ஓட்டிய கடைசல்காரர் இருந்தார். முறிந்த வில்லுத் தகட்டைக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி அடித்துத் தந்தார்கள். பிறேக் எண்ணெய் கிடைக்காத நாட்களில் விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். அந்தக் கால இயற்கை ரப்பர் சீல்களை விளக்கெண்ணெய் கெடுக்காது; எஞ்சின் ஒயில் ஊற்றினால் உப்பிப் போய்விடும். இந்த வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் கண்மூடித்தனமாக ஒட்டுப்போட்டவர்கள் அல்லர். எந்தப் பொருள் எதற்கு ஈடாகும், எதற்கு ஈடாகாது என்பதைச் சரியாக அறிந்தவர்கள்.

அந்த அறிவால்தான் எங்கள் வெங்காயம் சுன்னாகம் சந்தைக்குப் போனது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, எங்கள் ஒழுங்கையின் நடக்க முடியாத கிழவர்களும் கைக்குழந்தைகளும் அந்தப் பிக்கப்பின் தட்டில் ஏறித்தான் தென்மராட்சிக்குப் போனார்கள். நடப்பவர்களைவிட வேகமாகப் போக அன்றைக்கு வீதியில் இடம் இருக்கவில்லை. ஆனாலும் அது நிற்காமல் ஓடியது.

2002இல் ஏ9 திறந்ததும் பொருட்கள் வந்தன. போர் முடிந்த பிறகு இந்தியாவிலிருந்து ‘பட்டா’ என்று எல்லோரும் அழைக்கும் சின்ன லொறிகள் வந்தன. தோட்டக்காரர்கள் அவற்றுக்கு மாறினார்கள். எங்கள் பிக்கப் வேலை இல்லாமல் ஒதுங்கியது. கடல்காற்றின் உப்பு அதன் சட்டத்தை மெல்ல அரித்தது. நெருக்கடிக் காலத்தில் ஒரு நாளும் கைவிடாத வண்டியை, எல்லாம் கிடைக்கிற காலத்தில் நாங்கள் கைவிட்டோம்.

திருப்பி எடுக்க வைத்ததும் இன்னொரு நெருக்கடிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய பட்டாவின் விலைகூட எங்கள் தோட்ட வருமானத்துக்கு எட்டாத இடத்துக்கு ஏறியது. 2022இல் பெற்றோலுக்கு வரிசை வந்தது; பிறகு கியூ.ஆர். குறி காட்டிப் பங்கீடு வாங்கும் முறை வந்தது. மண்ணெண்ணெயும் பழைய துணையாக இல்லை: அந்த ஆண்டு ஓகஸ்ரில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுபோக எனக்கு ஒரு வாகனம் தேவைப்பட்டது. வளவுக்குள் ஒன்று நின்றது. கையில் கொஞ்சப் பணம் இருந்தது.

அப்பாவின் காலத்திலேயே இந்த எஞ்சினைத் திறந்து பழகிய மெக்கானிக் ஐயாவைத் தேடிப் போனேன். மூடிகூடத் திறக்காமல், முதலில் சில்லுகளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“முதல்ல நிக்கப் பண்ணுவம் பிள்ளை. ஓடுறது பிறகு.”

குறைந்த பணத்தில் பழைய வாகனம் திருத்துகிற எவருக்கும் இதைவிட நல்ல திட்டம் கிடையாது. பிறேக், ஸ்ரியறிங், சட்டம், ரயர் ஆகிய நாலும் முதலில். எஞ்சின் அடுத்தது. வயரிங் அதற்கடுத்தது. பெயின்ற் கடைசியிலும் கடைசி. பலர் தலைகீழாகச் செய்து, மினுங்கும் வண்டியை அரைவாசியில் விற்றுவிடுகிறார்கள். எங்கள் பணத்தில் பாதிக்கு மேல் வெளியே தெரியாத இடங்களுக்கே போனது. சட்டத்தில் கறள் தின்ற பகுதிகளை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே தடிப்பில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். கறளின் மேல் ஒட்டுப்போட்ட தகடு பார்வைக்குத்தான் உதவும், பாரத்தைத் தாங்காது. முன்சில்லுகளுக்கு எண்ணெய் பிறேக், பின்சில்லுகளுக்குத் தண்டு இழுக்கும் பிறேக் என்ற பழைய ஏற்பாட்டில் தேய்ந்த முள்ளாணிகள் எல்லாவற்றையும் புதிதாகக் கடைந்து போட்டோம்.

எஞ்சினில் ஒரு செலவை மட்டும் ஐயா விடாப்பிடியாகச் செய்வித்தார். இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோல் விற்ற காலத்தது. ஈயம்தான் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. இன்றைய பெற்றோலில் அது இல்லை. தலையில் கடின உருக்கு இருக்கைகளைப் பதித்துவிட்டால் அந்தக் கவலை தீரும். கழற்றியிருக்கும்போதே செய்தால் ஒரு தடவைக் கூலியோடு போய்விடும்.

கனடாவிலிருக்கும் தம்பி ஒவ்வொரு கிழமையும் அழைப்பான். “அக்கா, எல்லாத்துக்கும் ஒறிஜினல் சாமான் போடுங்கோ. இங்கிலாந்திலை எல்லாம் எடுக்கலாம், நான் காசு அனுப்பிறன்” என்பான். அவன் சொல்வது உண்மை. எழுபது ஆண்டு பழைய வண்டிக்கான சீலும் சிலிண்டர் றப்பரும் தலைக் கஸ்கற்றும் இன்றைக்கும் இங்கிலாந்தில் கிடைக்கின்றன. பிறேக் சாமான்களுக்கு அவன் அனுப்பிய காசை நன்றியோடு வாங்கினேன். பிறேக்கில் சமாளிப்புக்கு இடமில்லை. விளக்கெண்ணெய்க் காலம் வேறு வழியில்லாத காலம். மற்றவற்றுக்கு வேண்டாம் என்றேன். பின்தட்டுக்கு 1992இல் அப்பா போட்ட வேப்பம்பலகை இன்னும் உறுதியாக இருக்கிறது. றேடியேற்றர் மூடி யாழ்ப்பாணத்தில் கடைந்தது. கியர்த் தடியின் தலை ஒரு பித்தளைத் துண்டிலிருந்து செய்தது. இவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு லோங்பிறிட்ஜ் வடிவத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால், வண்டியின் வாழ்க்கையில் நாங்கள் பட்ட காலம் முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். தொழிற்சாலை அதைச் செய்தது ஒரு தடவை. எங்கள் ஊர் அதைப் பலதடவை செய்திருக்கிறது. அந்த வேலையும் அசல் வேலைதான்.

இந்தத் திருத்த வேலையில் என்னை உண்மையாக வருத்தியது பணக்குறைவு அல்ல. தொண்ணூறுகளில் எங்களிடம் சாமான் இருக்கவில்லை. ஒழுங்கைக்கு ஒரு கை இருந்தது. இப்போது எந்தச் சாமானையும் தொலைபேசியில் தேடி வருவிக்கலாம், கைகள் குறைந்துவிட்டன. கஸ்கற் வெட்டியவர் காலமாகிவிட்டார். கடைசல்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டில். வில்லு அடித்த கொல்லுப்பட்டறை மூடிவிட்டது. ஒரு முள்ளாணி கடைய ஆள் தேடி நாங்கள் மூன்று பிரதேசங்களுக்கு அலைந்தோம். பொருளாதாரத் தடையால் அழிக்க முடியாத ஒரு செல்வத்தை, தாராளமான சந்தை சத்தமில்லாமல் அழித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே சிக்கனத்தை நான் இப்போது வேறு விதமாகக் கணக்குப் பார்க்கிறேன். ஒரு சாமானை வருவிக்க முன்னர், அதை இங்கே செய்யக்கூடியவர் இருக்கிறாரா என்று கேட்பது முதல் வேலை. இருந்தால், பேரம் பேசாமல் அவர் கூலியைக் கொடுப்பது இரண்டாவது. பக்கத்தில் நின்று பழக ஒரு இளம் பிள்ளைக்கும் நாட்கூலி கொடுப்பது மூன்றாவது. ஐயாவின் மருமகன் எங்கள் பிக்கப்பில்தான் வால்வு இடைவெளி வைக்கப் பழகினான். அவனுக்குக் கொடுத்த கூலியை நான் பெயின்றுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்தேன். அதனால் பிக்கப் செவ்வொக்சைட் பூச்சோடுதான் இன்றும் சந்தைக்குப் போகிறது. பெயின்றை அடுத்த வெங்காயப் போகத்துக்குப் பிறகு அடிக்கலாம். அந்தக் கையை அப்படித் தள்ளிப்போட முடியாது.