லான் மாமா

மந்தைவெளியில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக ஃப்ளாட் ஆனபோது, மனை கொடுத்தவர்கள் பில்டரிடம் என்னென்னவோ கேட்டு வாங்கினார்கள். கூடுதலாக ஒரு கார் பார்க்கிங், தேக்கு நிலை, பூஜை அறைக்கு மணி வைத்த கதவு. "எனக்கு கிரவுண்ட் ஃப்ளோர், பின்னாடி கொஞ்சம் மண்" என்று கேட்டவர் ஒருவர் இருந்திருப்பார். அவர்தான் லான் மாமா. தேவநாதன் தெருவில் ஒருவரைப் பார்க்கலாம், நார்ட்டன் ரோட்டில் இன்னொருவர்.

அந்த மண் 12 அடிக்கு 10 அடி இருக்கும். ஒரு மூலையை போர்வெல் எடுத்துக்கொண்டது. இன்னொரு மூலையில் 2003-ல் அரசாங்கம் எல்லோரையும் கட்டாயப்படுத்திப் போட வைத்த மழைநீர்க் குழி. துணி உலர்த்த மாமி கேட்டது கிடைக்கவில்லை. மிச்சமெல்லாம் லான்.

வியாதி தொற்றியது அமெரிக்காவில். டல்லாஸ் பக்கம் வீடு வாங்கிய பிள்ளையிடம் ஆறு மாதம் இருக்கப் போன மாமா, வாரம் தவறாமல் தெருவே புல் வெட்டுவதைப் பார்த்தார். புல் உயர்ந்துவிட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வருமாம். மெமோ கொடுத்தே சர்வீஸை முடித்தவருக்குப் புல்லுக்கும் மெமோ உண்டு என்று தெரிந்தால் எப்படி இருக்கும்! மற்றவர்கள் பாதாமும் சாக்லேட்டும் கட்டிக்கொண்டு திரும்ப, மாமா கையால் தள்ளும் புல்வெட்டும் மெஷினைக் கழற்றி இரண்டு பெட்டிகளில் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினார்.

அன்று முதல் ஞாயிறு காலை ஏழு மணி என்றால் கடகட சத்தம்தான். பால் போட வருபவர் மாட்டிக்கொண்டால் சரித்திரமும் உண்டு. 1830-ல் இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊர்க்காரர் எட்வின் பட்டிங் இந்த மெஷினைக் கண்டுபிடித்தார், கம்பளித் துணியின் பிசிறை மழிக்கும் ஆலை யந்திரத்தைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுப் பால் திரிந்திருக்கும்.

சும்மா சொல்லக் கூடாது, மாமாவுக்கு சாஸ்திரம் தெரியும். ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பார். அதை அளக்க ஆபீஸிலிருந்து வந்த ஸ்டீல் ஸ்கேல் இருக்கிறது. பிளேடு மழுங்கினால் புல்லை வெட்டாது, கிழிக்கும், நுனி பழுக்கும் என்பார். எல்லாம் சரி. கிழமைதான் தப்பு. அவர் நட்டிருப்பது நர்சரியில் பாய் பாயாக விற்கிற கொரியன் புல். அது மெதுவாக வளர்கிற ஜாதி, மாதம் ஒருமுறை வெட்டினாலே அதிகம். ஆகவே பல ஞாயிறுகளில் மெஷின் ஓடும், சத்தம் வரும், புல் மட்டும் விழாது. மாமா அதையும் கூட்டி அள்ளுவார்.

நம் ஊரில் புல் மழையைப் பார்த்து வளர்கிறது, காலண்டரைப் பார்த்து அல்ல. சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அப்போது ஈரப் புல்லில் மெஷினை விட்டால் பிளேடில் அப்பிக்கொள்ளும், சக்கரம் புதையும். காய்ந்த பிறகு வெட்டலாம். மாமாவுக்கு ஞாயிறு காயக் காத்திருக்காது. மாமி குடை பிடிக்க, மாமா தள்ளுவார். கத்திரி வெயிலில் புல்லைக் கொஞ்சம் உயரமாக விட்டால்தான் வேருக்கு நிழல். அந்த மே மாதத்தில்தான் மாமா, பள்ளிக்கூடம் திறக்குமுன் பையன்களுக்கு வெட்டுகிற கிராப் மாதிரி, ஒட்ட வெட்டுவார். ஜூனில் லான் காபிப்பொடி நிறத்துக்கு வந்ததும் பழி கார்ப்பரேஷன் மேல்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, நகரமே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோதும் அந்த 12-க்கு 10 பச்சையாகத்தான் இருந்தது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினார். சொந்த ஏ.சி. போதாமல், "ராத்திரி ஏன் ஸார் புழுக்கத்துல கஷ்டப்படறேள்? போட்டுக்கோங்கோ" என்று மாடி வீட்டுக்காரர்களிடம் திடீரென்று கரிசனம் காட்டினார்.

மாமாவின் ஜென்ம விரோதி அருகம்புல். மதில் இடுக்கிலிருந்து ஓடிவந்து கொரியன் புல்லுக்குள் கணு கணுவாக வேர்விடும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பிடுங்கித் தெருவில் எறிவார். மாடு வந்து தின்றுவிட்டுப் போகும். விநாயகர் சதுர்த்தியன்று காலை மயிலாப்பூர் மாட வீதிக்கு நடந்து போய், கூறு கட்டிய அருகம்புல்லைக் காசு கொடுத்து வாங்கி வருவார்.

"முந்தாநேத்து கூடை கூடையாப் பிடுங்கிப் போட்டேளே, அதுல ஒரு பிடி எடுத்து வெச்சிருக்கப்படாதோ?" என்பாள் மாமி.

"அது களை. இது பூஜைக்கு."

இனி சொல்லப்போவது மாமா காதுக்குப் போக வேண்டாம். டெக்சாஸ் வெயிலுக்கு வீடுகளில் ஏராளமாகப் போடுவது பெர்முடா புல். கோல்ஃப் மைதானங்களுக்கும் அதுவே. வளரும் பருவத்தில் வாரா வாரம் வெட்டச் சொல்லியிருப்பதும் அந்தப் புல்லுக்குத்தான். பிள்ளை வீட்டு வாசலில் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்து மெய்மறந்ததும் அதில்தான். அது நம்ம அருகம்புல்லேதான். அறுபதுக்கு மேல் ஆன மனுஷர், யாரும் போய்ச் சொல்லித் தொலைக்காதீர்கள்.